ஷெட்டுக்குப் போட்ட தளம்

இந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் நான் பேசும்போது யாரும் குறுக்கே பேசாத இடம் அது ஒன்றுதான்.

பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகிப் போனதும் இரண்டு அறைகள் காலியாயின. ஒன்று மனைவியின் பிரார்த்தனை அறை ஆயிற்று. இன்னொன்று, பிள்ளைகள் வந்தால் படுக்கட்டும் என்று பூட்டப்பட்டது. என் சுத்தியலும் ரம்பமும் மாடிப்படிக்கு அடியில் குடியிருந்தன. அவற்றைப் பார்க்கப் போனால் நானும் மண்டியிட வேண்டும்.

"ஏம்மா, பின்னாடி ஒரு ஷெட் போடலாம்னு இருக்கேன்."

"எதுக்குங்க?"

"சாமான் வைக்க."

"எந்தச் சாமான்?"

"என்னையும் சேர்த்துத்தான்."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நல்லதுதாங்க. கடவுள் கைகாலைத் தெம்பா வச்சிருக்கும்போதே செஞ்சிடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையே சரி சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிலம் மேடு. மேட்டு மண் சரிந்து வராமல் ஒரு கருங்கல் சுவர் தாங்கிக்கொண்டிருக்கிறது. குடும்பம் சரியாமல் என் மனைவி தாங்குகிறாள். இரண்டிலும் முட்டிப் பார்த்திருக்கிறேன். அசைந்தது என் தலைதான்.

அந்தச் சுவரை ஒட்டியே தளம் போடுவது என் திட்டம். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த மூலை தெரியாது.

"சுவரை ஒட்டிப் போடாதீங்க. மழை பெஞ்சா கல்லுல இருக்கிற ஓட்டை வழியா தண்ணி வடியும். ஒரு முழம் தள்ளிப் போட்டு, நடுவுல வாய்க்கால் விடுங்க."

"உனக்குச் சமையல் தெரியும். கட்டட வேலை தெரியுமா?"

"தெரியாதுங்க" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த அடக்கத்தைப் பார்த்தாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் மண்வெட்டியோடு இறங்கினேன். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். துணி துவைக்கப் பின்னாடி ஒரு சிமெண்ட் தளம் போட்டுக் கொடுங்கள் என்று அவள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஷெட் என்றதும் அதே இடுப்பு இருபது வயதுக்குத் திரும்பிவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சுவரை ஒட்டியா போடறீங்க? ஓட்டையில தண்ணி வடியுமே. ஒரு முழம் தள்ளி, நடுவுல வாய்க்கால் விட்டா நல்லாருக்கும்."

அடடா, அனுபவம் என்றால் இது. உடனே அளவுக்குக் கட்டியிருந்த கயிற்றைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளிக் கட்டினேன். அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்: "ஆம்பிளைங்க யோசனையே தனிதான்."

"ஆமாங்க" என்று இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அதன்பிறகு தினமும் டிரைவர் வேலியோரம் ஆஜர். வேலை பார்த்துவிட்டுக் கை கழுவ வேண்டாமா, இப்போதே ஒரு குழாய்க்கு பைப் புதைத்துவிடுங்கள் என்றார். புதைத்தேன். தண்ணீர் தேங்கக் கூடாது, வாய்க்கால் பக்கம் நாலு விரல் சாய்த்துப் போடுங்கள் என்றார். சாய்த்தேன். கான்கிரீட் கொட்டி நான் வழவழவென்று தேய்த்துக்கொண்டிருந்தபோது பதறிப்போய் வேலியைத் தாண்டியே வந்துவிட்டார்.

"வழுக்கிடும் அண்ணே. ஈரத்தோட துடைப்பத்தால கோடு இழுத்து விடுங்க."

இழுத்தேன். என்ன அக்கறை, என்ன அறிவு. இவரைப் போய் பஸ் ஓட்ட விட்டிருக்கிறார்களே என்று வருத்தப்பட்டேன்.

தளம் இறுகியதும் ஷெட் அடிக்க வெல்டரை வரச் சொன்னேன். அவர் சாய்வு பார்க்க ரசமட்டத்தை எடுத்துத் தளத்தின்மேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஓடிப்போய் ஓரமாக உட்கார்ந்தது. மாமியார் வீட்டில் நான் உட்கார்வது போலவே இருந்தது.

"சார், இதுல ஷெட் நிக்காது."

"ஏன்?"

"இவ்வளவு சாய்வா போட்டா கதவு தானா திறந்துக்கும். உள்ளே போடற நாற்காலி உங்களையும் கூட்டிக்கிட்டு வாசலுக்கு வந்துடும்." குனிந்து தளத்தைத் தடவிப் பார்த்தார். "ஆனா குழாய், வாய்க்கால், சொரசொரப்பு எல்லாம் கச்சிதம். துணி துவைக்க இப்படி ஒரு தளம் நான் பார்த்ததே இல்லை சார்."

திரும்பினேன். டிரைவர் வானத்தில் மேகம் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் மேகமே இல்லை.

"ஏன்பா, இந்த யோசனையெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"நான் பஸ் ஓட்டறவன் அண்ணே, எனக்கு ஏது சிமெண்ட் விவரம்? அண்ணிதான் வேலிப்பக்கம் வந்து, 'நான் சொன்னா காதுல ஏறாது, நீங்க சொல்லுங்க தம்பி'ன்னாங்க."

மனைவி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் பிரார்த்தனை முடித்து வந்த அமைதி.

"இப்படி ஏமாத்தலாமா?"

"முதல் நாள் உங்ககிட்டயேதான் சொன்னேன். எனக்குத் தெரியாதுன்னீங்க. அதையே ஒரு ஆம்பிளை வாயால சொல்ல வச்சேன். இதுல பொய் எங்கே இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

"சரி, தளத்தை நீயே வச்சுக்கோ."

"எனக்கு எதுக்குங்க? குனிஞ்சு துவைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அப்போ யார் துவைக்கிறது?"

"ஒரு வாரம் மண்ணு வெட்டினவருக்கு நாலு துணியைக் கசக்க முடியாதா?"

வெல்டர் ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். அவரும் கல்யாணமானவர் போலிருக்கிறது.

நான் ஆசைப்பட்டபடியே இப்போது எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது. வாளியில் அழுக்குத் துணி இருக்கும்வரை, வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.