அமாவாசைச் சோறும் ஆள்காட்டி முட்டைகளும்

திருவேற்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

தங்கை மகள் செல்வி நிவேதிதாவுக்கு மாமன் ஜம்புலிங்கம் ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் நானும் உன் அத்தை சாமுண்டீஸ்வரியும் சுகம். கோடியக்கரையில் நீயும் நீ எண்ணப்போன பறவைகளும் சுகமாக இருக்கக் கருமாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீ போனில் அழைத்த ஏழு முறையும் "மாமா குளிச்சிகினு கீறாரு" என்று அத்தை சொன்னாளே, எந்த மனுஷனும் அவ்வளவு குளிக்க மாட்டான். உன்னோடு பேச எனக்கு முகமில்லை, அதுதான் விஷயம்.

காய்ந்து கிடக்கும் கூவத்தில், கருகிய புல்லுக்கு நடுவே, சரளைக்கல்லோடு கல்லாக ஆள்காட்டிக் குருவி இட்டிருந்த நான்கு முட்டைகளைக் காட்டி, "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நீங்கதான் மாமா காவல்" என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் கம்பெனி கேட்டில் நின்றவன், ஒரு போல்ட்டைக்கூட வெளியே விட்டதில்லை. கரையோரம் நடைபாதை போட வந்த காண்ட்ராக்டர் ஹேமநாதனும், "குஞ்சு ஓடற வரிக்கும் ஜேசிபிய எறக்க மாட்டேன் மேடம்" என்று உன்னிடம் வாக்குக் கொடுத்திருந்தான். மடக்கு நாற்காலி, தடி, விசில், நீ கொடுத்த பைனாகுலர் சகிதம் போய் உட்கார்ந்தேன். பழைய பழக்கம், ரிஜிஸ்டரும் போட்டேன். "காலை 6.10: நாய் ஒன்று, விரட்டப்பட்டது. 7.25: ஆடு மூன்று, எச்சரித்து அனுப்பப்பட்டன. 8.00: முட்டை நான்கு, நலம்." அந்தக் குருவி மட்டும் நான் கொட்டாவி விட்டால்கூடத் திருடனைக் கண்ட மாதிரி கத்தும். கத்தட்டும், அதற்கும் ட்யூட்டிதானே என்று விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கையில் அமாவாசை வந்தது. நம் வீட்டில் காக்கை சாப்பிடாமல் யாரும் சாப்பிட முடியாது என்பது உனக்குத் தெரியும். காவலை விட்டுவிட்டு நான் எப்படி மாடிக்குப் போவேன்? கடமை தவறாதவன் இல்லையா, அத்தையை இலையோடு ஆற்றுக்கே வரச்சொன்னேன். கூட்டுக்குப் பத்தடி தள்ளி ஒரு கல்லின்மேல் சோறு, பருப்பு, வடை எல்லாம் வைத்துவிட்டு, மணி ஒன்று, பசி உயிர் போகிறது, வாய் வலிக்க "கா கா" என்று கூப்பிட்டேன். வந்தது ஒரு காக்கை. வடையைத் தின்றது, தலையைச் சாய்த்து அக்கம்பக்கம் பார்த்தது, அப்படியே நடந்து கூட்டுக்குப் போய்விட்டது! ஆள்காட்டி இரண்டும் அதன் தலைமேல் பாய்ந்து பாய்ந்து அலறுகின்றன. நான் தடியை ஓங்கிக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து அத்தை, "ஐயய்யோ, இன்னாங்க பண்றீங்கோ, எங்க மாமனார போயி அடிக்கிறீங்களே!" என்று கத்தினாள். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டதம்மா. உன் தாத்தா தசரதனுக்கு முட்டை என்றால் உயிர், அதுவும் நினைவுக்கு வந்து தொலைத்தது. "பாத்தீங்களா, அவரேதான்" என்று அத்தை வேறு கண்ணைத் துடைக்கிறாள். அவர் போதாதென்று இன்னும் மூன்று காக்கைகள், பங்காளிகள் மாதிரி, வந்து சேர்ந்தார்கள். கையில் தடி இருந்தது நிவேதிதா, ஆளுக்கொரு முட்டையாகத் தின்று முடிக்கும்வரை நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

இதைவிட வெட்கக்கேடு, வீட்டுக்கு வந்து மூன்று வடையும் பாயசமும் சாப்பிட்டேன். சாயங்காலம் வரை அந்த இரண்டு பறவைகளும் காலிக் கூட்டைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே டிவி சத்தத்தைக் கூட்டினேன். மறுநாள் ஹேமநாதன் வந்து, "குஞ்சு வந்துச்சா அண்ணாத்தே?" என்றான். முட்டை இல்லையென்று தெரிந்தால் மறுநிமிஷமே வண்டி இறங்கிவிடுமே! அதனால் விடியற்காலையிலேயே புள்ளி போட்ட நான்கு கூழாங்கல்லைப் பொறுக்கிக் கூட்டில் வைத்திருந்தேன். தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், மெதுவா வரட்டும்" என்று போனான் நல்ல மனுஷன். அன்றிலிருந்து பத்து நாளாக "முட்டை நான்கு, நலம்" என்று ரிஜிஸ்டரில் எழுதிவருகிறேன். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பொய்க் கையெழுத்து போடாதவன், கல்லுக்குக் காவல் இருக்கிறேன்.

இனிமேல் முடியாது. நாளைக் காலை கல்லை எடுத்து எறிந்துவிட்டு ஹேமநாதனிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். விசில், ரிஜிஸ்டர், பைனாகுலர் மூன்றும் கூரியரில் வரும். வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள். இந்த மாமனை மன்னிக்க முடிந்தால் மன்னி. வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு. அத்தையின் ஆசியும் சேர்த்து.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
ஜம்புலிங்கம்.

பி.கு.: திங்கள் காலை. கடிதத்தை ஒட்டவில்லை, நல்லவேளை. கல்லை எடுக்கப் போனேன். ஆள்காட்டி வந்து என் வழுக்கையிலேயே ஒரு தட்டு தட்டியது! பார்த்தால், பழைய கூட்டுக்குப் பன்னிரண்டடி தள்ளிப் புதிதாக இரண்டு முட்டை. உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஹேமநாதனிடம் எல்லா உண்மையையும் சொல்லி, புது முட்டைகளையும் காட்டினேன். சிரித்துவிட்டு, கரையில் நிறுத்தியிருந்த வண்டியைத் திருப்பி அனுப்பினான். பைனாகுலர் வராது, எனக்கு வேண்டும். குஞ்சு வர இருபத்தெட்டு நாள் என்று நீதான் சொன்னாய். அதற்குள் அடுத்த அமாவாசை வருகிறது. இலையை மாடியில்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதையும் மீறி ஆற்றுப் பக்கம் வந்தால், உன் தாத்தாவாகவே இருந்தாலும் தடியால் அடிப்பேன். உன் அம்மாவிடம் மட்டும் சொல்லாதே.