இறந்த தேதி காலியாக இருக்கக் கூடாது

தரவுத்தள நிர்வாகிகளின் நன்மை கருதிச் சில பாடங்கள் எழுதித் தருமாறு மேலிடம் பணித்துள்ளது. ஆயுள் முழுக்க டேட்டாபேஸைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். எழுதுகிறேன்.

முதல் பாடம்: பழையதற்கு ஒரு நகல் எடுத்து வைக்காமல் எதிலும் கை வைக்காதே. அடுத்தது: மேலதிகாரி பயிற்சி முடிந்து திரும்பினால் ஒரு வாரம் லீவு போட்டுவிடு. முதலாவதைச் செய்தேன். இரண்டாவதில் கோட்டை விட்டேன்.

லீவு போட வழியில்லை. என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊழியர் குடும்ப மருத்துவத் திட்டத்தில் அறுவைக்குப் பதிந்துவிட்டு, இருந்த லீவையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்த்திருந்தேன். காபியில் உப்புப் போட ஆரம்பித்திருந்தாள். குடித்தேன். வேறென்ன செய்ய?

இயக்குநர் பயிற்சியிலிருந்து 'முழுமைத் தரவு' என்ற சொல்லோடு திரும்பி வந்தார். அப்போது எல்லா ஆபீஸிலும் அதுதான் மோஸ்தர். சுவரில் பெரிய திரை மாட்டினார். ஊழியர் அட்டவணையில் எல்லாக் கட்டமும் நிரம்பினால் திரை பச்சை. காலி இருந்தால் சிவப்பு. சிவப்பாகவே இருந்தது.

“எது காலி?”

“இறந்த தேதி சார்.”

“ஏன் நிரப்பலை?”

“யாரும் இன்னும் சாகலை சார்.”

“அதெல்லாம் காரணமா? காலின்னா என்ன அர்த்தம்?”

“இன்னும் தெரியாதுன்னு அர்த்தம்.”

“தெரியாதுங்கிற பதிலே நம்ம ஆபீஸ்ல இருக்கக் கூடாது. ஒரு தேதியைப் போடுங்க.”

நாலாயிரமாவது வருஷம் என்று போடலாமா என்றேன். அவ்வளவு காலம் யார் இருப்பார்கள், தணிக்கையில் மானம் போகும் என்றார். நியாயம்தான்.

“மாசக் கடைசியிலதானே எல்லாத்தையும் முடிக்கிறோம்? இதையும் அன்னைக்கே முடிச்சிடுங்க.”

நகல் எடுத்தேன். எல்லோருக்கும் மாதக் கடைசித் தேதியைப் போடச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதினேன். திரை பச்சையானது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

மாதக் கடைசியில் அலுவலகம் மொத்தமும் இயற்கை எய்தியது. மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தோம். நாங்கள் வேலை பார்த்த வேகத்தில் பொதுமக்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் தெரிந்தது. கவுண்டர்க்காரர் எங்கள் ஊழியர் அட்டவணையைத் திரையில் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“வீட்டுக்காரர் தவறிட்டாராம்மா?”

“இல்லப்பா, இதோ குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரே!”

என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரையைத்தான் நம்பினார்.

“கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது.”

“அதுல போட்டதே நான்தான்யா,” என்றேன்.

“அப்ப சரியாத்தான் சார் இருக்கும். அம்மா, துணையை இழந்தவங்களுக்கு முன்னுரிமை உண்டு. நாளைக்குக் காலையில வந்துடுங்க, ஒரு கண்ணை முடிச்சிடலாம்.”

“இவரு உயிரோட இருந்தா?”

“வரிசையில காத்துக் கெடக்கணும்மா.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்.”

நின்றேன். மறுநாள் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்ததும் என் சட்டையில் இருந்த மைக்கறையைக் கண்டுபிடித்துத் திட்டினாள். பார்வை வந்துவிட்டது.

நகலை வைத்து அரை மணியில் எல்லோரையும் உயிர்ப்பித்துவிடலாம். இயக்குநரிடம் சொன்னேன்.

“சார், நீங்களும் செத்துட்டீங்க.”

“தெரியும்யா. என் வீட்ல மூட்டு ஆபரேஷனுக்கு நாளைக்கே தேதி குடுத்திருக்காங்க. இப்பப் போய் உயிரு கியிருன்னுக்கிட்டு!”

சக ஊழியர்களும் மனுக் கொடுத்தார்கள், செத்தது செத்ததாகவே இருக்கட்டும் என்று. ஆகவே நிர்வாகிகளே, பிழையைத் திருத்துமுன் அதை வைத்து எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று பாருங்கள்.

அந்தப் பிழைப்பும் நிலைக்கவில்லை. ஊழியர் அனைவரும் செத்ததில் முன்னுரிமை வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனைவரை போய்விட்டது. உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் ஈ ஓட்டுகிறார்களாம்.

“அடுத்த கண்ணு பாக்கி இருக்கு. சட்டுனு உயிரோட வாங்க,” என்றாள் மனைவி.

அலுவலகம் மொத்தமும் அதையே கேட்டது. ஆனால் உயிர் வந்தால் கட்டம் காலியாகும், திரை சிவக்கும். எனவே நாளுக்கு ஒருவரை மட்டும் உயிர்ப்பிக்கலாம், விண்ணப்பித்த வரிசைப்படி, என்று உத்தரவு வந்தது. வரிசையைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு. நான் கடைசியில் இருக்கிறேன். விதிகளை எழுதிக்கொண்டிருந்ததில் விண்ணப்பிக்கத் தாமதமாகிவிட்டது.

“நீங்கதானே ஆபீசரு? நம்மள முன்னாடி போடக் கூடாதா?” என்றாள் மனைவி.

“அவசரக் காரணம் காட்டினா போடலாம்.”

“காட்டுங்களேன்.”

“விண்ணப்பதாரர் இறந்துவிட்டார்னு எழுதிப் பார்த்தேன். எல்லாப் பயலும் அதையேதான் எழுதியிருக்கான்.”