பெட்டிக்குள் அடங்காத பல்லி

பெட்டியின் மூடி மூடவில்லை. போட்டிக் கூடத்தில் ஜவுளிக்கடைக்காரர் அதை முழங்கையால் அழுத்திப் பார்த்தார். உள்ளே இருந்தது மகள் செய்த 'பல்லி', கம்பம் ஏறும் குட்டி ரோபோ. மூடி மூடினால்தான் போட்டிக்குள் அனுமதி. மகளுக்குப் பள்ளியில் இது கடைசி வருஷம்.

இத்தனைக்கும் காலையில் கடையில் ஒத்திகை பார்த்தபோது பல்லி அதே அளவுப் பெட்டிக்குள் சமர்த்தாக அடங்கியிருந்தது. என்ன, முக்கால் கம்பம் ஏறியதும் வழுக்கியது. உச்சியிலிருந்த மணியைத் தொடவில்லை. சக்கரத்தில் ஏதோ பிசுக்கு என்று மகள் சொல்லத் தொடங்கினாள். அதற்குள் அப்பா விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"கிளம்பும்போது பெட்டிக்குள்ள அடங்கணும், அவ்வளவுதான். கிளம்பின பிறகு கை நீளக் கூடாதுன்னு எங்கம்மா இருக்கு?"

"முழுசாப் படிங்கப்பா."

"எங்க காலத்துல விதி ஒரே தாள். அதுலயும் பாதி வாழ்த்துரை. இது என்ன, தலைகாணி மாதிரி? வேலைவெட்டி இல்லாத யாரோ எழுதியிருக்காங்க."

முதல் பக்கத்தோடு புத்தகத்தை மூடினார். மணியை எட்டித் தொட, கடையிலிருந்த மடக்கு அளவுகோல் பல்லிக்குக் கையானது. கையின் கனத்தில் பல்லி குப்புற விழுந்தது. பில் பறக்காமல் வைக்கும் எடைக்கல்லை வாலில் கட்டினார். பல்லி நின்றது, ஆனால் வால் நீண்டுவிட்டது. அந்த வால்தான் இப்போது மூடியைத் தடுத்தது.

அவர் அசரவில்லை. பல்லியைச் சாய்த்துப் படுக்கப் போட்டார். மூடி மூடிக்கொண்டது.

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இதே கூடம், பற்றவைத்த ஈயத்தின் இதே வாடை. பள்ளிப் பிராயத்தில் அவர் கோப்பை வாங்கியதும் இந்த வித்தையில்தான். படுத்துக்கொண்டு பெட்டிக்குள் போன அவருடைய இயந்திரம், வெளியே வந்ததும் ஆள் உயரம் நிமிர்ந்தது. மற்ற பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். அந்தக் கோப்பையில் இப்போது கடையின் குண்டூசிகள் இருக்கின்றன.

பரிசோதகர் அம்மாவுக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். மூடியைத் திறந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நின்றபடி அடங்க வேண்டும் என்றார். விதிப் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் இருந்தது. கை நீளக் கூடாது. அதற்கு இன்னொரு பக்கம். வாலில் கனம் கட்டுவதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

"ஒரு விரக்கடை பாத்துப் போட்டுக் கொடுங்கம்மா."

பேரம் படியவில்லை. தன் வாடிக்கைக்காரர்களிடம் கற்ற கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "சரி, வேண்டாம் விடுங்க" என்று வாசலைப் பார்த்து மெதுவாக நடந்தார். யாரும் கூப்பிடவில்லை.

திரும்பிப் பார்த்தார். மகள் கையையும் கல்லையும் கழற்றிப்போட்டு, சக்கரத்தைத் துடைத்து, பல்லியை நிற்கவைத்து மூடியிருந்தாள். பெட்டியில் அனுமதி வில்லை ஒட்டியாகிவிட்டது.

"காலைலயே சொல்ல வந்தேன்ப்பா" என்றாள்.

சற்று நேரத்தில் கம்பத்தின் உச்சியில் மணி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பரிசோதகர் பக்கம் திரும்பினார்.

"இருந்தாலும் எங்க காலம் மாதிரி வராதும்மா. ஒரே தாள்."

"ஒரே தாள்தான் சார் இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. "மிச்சத்தையெல்லாம், உங்ககிட்ட தோத்த அன்னிக்கு சாயங்காலமே நாங்க நாலு பேர் உக்காந்து எழுத ஆரம்பிச்சோம்."