நான்கு மீட்டர் புல்

அளவு டேப்பின் ஒரு நுனியைத் தரகர் பிடித்துக்கொண்டு நின்றார். மறு நுனியோடு நான் பின்பக்கமாக நடந்தேன். "இருபத்தொண்ணு, இருபத்திரண்டு" என்று உரக்க எண்ணிக்கொண்டே போனேன்.

"டேப்புதான் இருக்கே, எதுக்குண்ணே எண்ணுறீங்க?"

"டேப்பு சரியா இருக்கான்னு பார்க்கிறேன்."

கதவுத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் சோதனைப் பிரிவில் இருக்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்?

அப்போது பக்கத்து வீட்டு ஜன்னலில் ஓர் அம்மாள் தோன்றினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வீசினார்.

"யாரு அது?"

"பக்கத்து வீட்டம்மா. தபால்காரியா இருந்து ரிடையர் ஆனவங்க. தங்கமானவங்க. பாருங்க, எப்படிக் கையாட்டுறாங்கன்னு."

நானும் கையாட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நானும் வேகத்தைக் கூட்டினேன். பிறகு சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஏழாவது வரிக்கு நேரே ஒரு டிக் போட்டேன். 'அக்கம்பக்கம்.'

அந்நிய நாட்டில் வீடு கட்ட மனை வாங்குகிறவன் ஏமாறக்கூடிய இடங்கள் மொத்தம் ஏழு. மூன்று மாதம் படித்து நானே தயாரித்த பட்டியல் அது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் வாங்கச் சட்டம் அனுமதிக்கிறதா, எல்லைக்கல், தண்ணீர், மின்சாரம், மண்ணின் உறுதி, அக்கம்பக்கம். ஏழுக்கும் டிக் விழுந்துவிட்டது.

"உங்கள மாதிரி விவரமான ஆளை நான் பார்த்ததே இல்லண்ணே. மத்தவங்க ஏரி தெரியுதான்னு மட்டும்தான் கேட்பாங்க" என்றார் தரகர்.

தரகர் நம்ம ஆள். இந்த ஊரில் ஒருவர் என்னைத் தமிழில் அண்ணே என்று கூப்பிட்டால் நான் பாதிக் கையெழுத்துப் போட்ட மாதிரிதான்.

ஏரியும் தெரிந்தது. அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் விஷயமே அதுதான்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். இந்த நாட்டுக்கு வந்தது என் மனைவியின் முடிவு. வாடகை வீட்டைப் பிடித்தது அவள் முடிவு. சோபா அவள் முடிவு. அதில் நான் உட்காரும் மூலையும் அவள் முடிவு. எனக்கென்று அந்த வீட்டில் இருப்பது ஒரு மேஜையின் இழுப்பறை. அதிலும் பாதியில் அவளுடைய பழைய சார்ஜர்கள் கிடக்கின்றன. புது வீட்டில் மேற்குப் பக்கம் எனக்கு ஓர் அறை இருக்கும். ஜன்னலைத் திறந்தால் சரிவு, அதன் கீழே ஏரி. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். எந்த மாதிரித் தாழ்ப்பாள் என்பதுகூட எனக்கு முடிவாகிவிட்டது.

வியாழக்கிழமை பத்திரம் எழுதுவது, வெள்ளிக்கிழமை அவளிடம் சொல்வது. இதுதான் திட்டம். வீடு கட்டப்போகிறோமா என்று கேட்கமாட்டேன். வீடு கட்டப்போகிறோம் என்பேன்.

திங்கட்கிழமை காலையில் அவள் கேட்டாள்.

"நேத்து எங்க போனீங்க?"

"சும்மா நடக்கப் போனேன்."

"எவ்வளவு தூரம்?"

"முப்பத்தாறு மீட்டர்."

வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"திரும்பத் திரும்ப நடந்தேன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அவள் பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். யாருக்கு எத்தனை மணிக்கு வலி நிற்க வேண்டும் என்பதை இந்த ஊரில் அவள்தான் தீர்மானிக்கிறாள். உள்ளே போனால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாது என்பதால், எல்லோரும் வெளியிலேயே அவளிடம் பேசி முடித்துவிடுவார்கள். இதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவளே ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஒரு அம்மா பல்செட்டு மாத்த வந்தாங்க. ரெண்டு மணி நேரம் உட்கார வேண்டியதாப் போச்சு. பாவம், வீட்டுல பேச ஆளில்ல போல."

"ம்."

"அவங்க புல்தரையில வாராவாரம் ஒரு கிறுக்கன் வந்து நடக்கிறானாம்."

"ஊரு கெட்டுப்போச்சு."

"வராதே, போன்னு ஜன்னல்லேருந்து ரெண்டு கையையும் வீசுறாங்களாம். அவன் பதிலுக்குக் கையாட்டுறானாம்."

நான் அவசரமாக இன்னொரு கவளத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"என்னமோ எண்ணிக்கிட்டே நடப்பானாம். அந்தம்மா அதைச் சொல்லிக் காட்டினாங்க பாருங்க, பல்செட்டு இல்லாம. 'இர்ப்பத்தோணு, இர்ப்பத்தெந்து.' எனக்கு ஒண்ணாங்கிளாசுல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு."

நான் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏழு வரிகளையும் நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ரோட்டுலேருந்து மனைக்கு எப்படிப் போனீங்க?"

"நடந்து."

"எது மேல?"

"புல்லு மேல."

"புல்லு யாருது?"

தொழிற்சாலையில் எங்கள் பிரிவின் வேலை நிலைச்சட்டத்தில் தொடங்கி நிலைச்சட்டத்தில் முடிகிறது. கீல், பூட்டு, பலகை, இடுக்கு எல்லாம் பார்ப்போம். அந்தக் கதவு வரைக்கும் ஒருவன் எப்படி வந்து சேர்கிறான் என்பதை எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

"ரோட்டுக்கும் மனைக்கும் நடுவுல நாலு மீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு இருக்கு. அது அந்தம்மாவோடது. வேற பக்கம் வழி கிடையாது. வழி இல்லாத மனையில கட்ட நகராட்சி அனுமதி தராது. உங்க தரகரு மூணு வருஷமா அதை யார் தலையில கட்டலாம்னு திரியுறாராம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவன்."

"நீங்க கேட்ட ஏழுக்கும் பதில் சொன்னாருல்ல?"

நான் காகிதத்தை நான்காக மடித்தேன். மேற்குப் பக்க அறை, ஜன்னல், சரிவு, ஏரி எல்லாம் அதற்குள் போயின.

"வேண்டாம்னு சொல்லிடறேன்."

"ஏன்? இடம் நல்லா இருக்குன்னு அந்தம்மாவே சொல்றாங்க. எனக்கும் இந்த வாடகை வீடு அலுத்துப்போச்சு. வாங்குங்க. வழிக்கு அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"நிஜமாவா?"

"உங்க முடிவு. நான் குறுக்க நிக்கமாட்டேன்."

பத்தொன்பது வருடத்தில் 'உங்க முடிவு' என்று அவள் சொல்லிக் கேட்டது அன்றுதான். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

மறுநாள் தரகரிடம் புல் விஷயம் தெரியும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அண்ணே என்று கூப்பிடவில்லை. பிறகு விலையை அவராகவே குறைத்தார். வியாழக்கிழமை என் ஒருவன் பெயரில் பத்திரம் எழுதினோம். எழுதுகிற அலுவலகத்துப் பெண் என் குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்காமல் தானாகவே தட்டச்சு செய்தாள். வெளிநாட்டுக்காரர்கள் பெயரை யாரும் இப்படிப் பிழையில்லாமல் அடித்ததில்லை என்று பாராட்டினேன்.

"இந்த வாரம் கை பழகிடுச்சு" என்றாள். அவள் பணிவு எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். வண்டி ஓட்டும்போது என் மனை என்று மூன்று தடவையும், நம் மனை என்று ஒரு தடவையும் சொன்னேன்.

ரோட்டோரத்தில் புல் தொடங்கும் இடத்தில் புதிதாக ஒரு மரக்கேட்டு நின்றது. கீலைப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலைத் தயாரிப்பு.

"அந்தம்மா வழி கொடுத்துட்டாங்களா?"

"கொடுக்கல. வித்துட்டாங்க."

"யாருக்கு?"

அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தாள்.

"புதன்கிழமை எழுதினோம். கேட்டு உங்க ஊழியர் தள்ளுபடியில கிடைச்சுது. உங்க நம்பர்தான் எனக்குத் தெரியுமே."

"ரெண்டு பேர் பேர்லயும் எழுதியிருக்கலாமே?"

"மனையை ரெண்டு பேர் பேர்லயா எழுதினீங்க?"

புல் வழியாக நடந்தோம். அவள் முன்னால் போனாள். மனையின் நடுவே நின்று ஏரியைப் பார்த்தாள். நல்ல இடம் என்றாள். பிறகு பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். ஒன்று நகராட்சிப் படிவம். இன்ன பிளான்படி வீடு கட்டுவதற்கு வழியின் உரிமையாளர் சம்மதிக்கிறார் என்று அதில் இருந்தது. மற்றது பல் மருத்துவரின் முத்திரை போட்ட தாள். அதன் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள்.

"இதுதான் பிளானா?"

"ஆமா. மேற்கால சமையலறை."

"அங்கதானே என் ரூமு?"

அவள் விரல் தாளில் கொஞ்ச நேரம் தேடியது.

"இங்க."

"மாடிப்படிக்குக் கீழயா?"

"வெயில் படாது."

"ஏரி எப்படித் தெரியும்?"

"சமையலறைக்கு வாங்க. பாத்திரம் கழுவுற இடத்துலேருந்துதான் நல்லாத் தெரியும்."

"தாழ்ப்பாளாவது வச்சுக்கலாமா?"

"தாராளமா." கொஞ்சம் யோசித்தாள். "வெளிப்பக்கம்."

"நான் இதுக்கு ஒத்துக்கலேன்னா?"

"ஒண்ணுமில்லைங்க. உங்க மனை, உங்க முடிவு. செங்கல்லை ஹெலிகாப்டர்ல இறக்கிக்கலாம்."

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. மனை உரிமையாளர் என்ற இடத்தில் நான் தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை. அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, தன் கையெழுத்தைப் போடத் தாளை வைக்க இடம் தேடினாள். அங்கே மேஜை இல்லை, சுவர் இல்லை. தாள் படபடத்தது.

நான் திரும்பி, முதுகைக் காட்டிக் கொஞ்சம் குனிந்து நின்றேன்.