ஒரு டம்ளர் பிரிட்ஜ் தண்ணீர்

“இன்னும் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம் சாயுங்க. இல்லன்னா தண்ணி அந்தாண்ட ஓடிடும்” என்றாள் மாரியம்மாள்.

ராஜாங்கம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து வாயைத் திறந்தார். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் ஐஸ் தண்ணீரை எடுத்து, அவருடைய வலப்பக்கக் கடைவாயில் ஊற்றினாள் மனைவி. அடுத்த கணம் ராஜாங்கம் கட்டிலில் இல்லை. கதவோரம் நின்றிருந்தார்.

“கிராம்புத் தைலம் பெயிலு” என்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அவர் செக்கர். சூளையிலிருந்து இறங்கும் கோப்பைகளில் சிலவற்றை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்குவார். பிறகு சிவப்பு மையைத் தடவித் துடைப்பார். மயிரிழை விரிசல் இருந்தாலும் மை காட்டிக் கொடுத்துவிடும். உலகத்தில் எதையும் இப்படிச் சோதித்துவிடலாம் என்பது அவர் கட்சி.

வினை திட்டக்குடியில் ஆரம்பித்தது. மகள் கனகாவுக்கு ஒரு வரன் வந்து, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தார். ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம். பெண்ணுக்குப் போடுகிற நகையைப் போடுங்கள், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இப்படி ஒரு இடம் இனி எங்கே கிடைக்கும்? கனகாவுக்கும் பையனைப் பிடித்திருந்தது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை. யாரும் கேட்காமலே பாத்திரம் துலக்கியதில் தெரிந்தது.

அந்த வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு பிரிட்ஜ் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா பெரியநாயகி அதைத் திறந்து, டம்ளர் வேர்க்க வேர்க்கத் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மடக்குதான். ராஜாங்கத்தின் முகம் அஷ்டகோணலாகிவிட்டது. டம்ளரை அப்படியே கீழே வைத்தார். பல் கூச்சம் என்று சொல்லவும் பயம். அப்பனுக்குப் பல் சொத்தை என்றால் பெண்ணுக்கும் இருக்கும் என்பார்களே.

அதோடு அங்கிருந்து பேச்சு மூச்சில்லை. கடைசியில் தரகர் வந்தார்.

“வெள்ளிக்கிழம இன்னொரு தடவ வந்துட்டுப் போகச் சொல்றாங்க. ஆமா, அன்னிக்கி தண்ணி குடிக்கிறப்ப ஏன் மொகத்த அப்புடி வச்சிக்கிட்டீங்க? அவங்க வூட்டுல அதையேதான் பேசிக்கிட்டு இருக்காங்க.”

ராஜாங்கம் அன்றே முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை கூசாமல் குடித்தாக வேண்டும். வாயை நான்காகப் பிரித்தார். மேல் வரிசையில் வலப்பக்கம் கிராம்புத் தைலம், இடப்பக்கம் உப்பும் நல்லெண்ணெயும். கீழ் வரிசையில் வலப்பக்கம் மருந்துக்கடைக்காரர் கொடுத்த பசை, இடப்பக்கம் ஒன்றுமில்லை.

“அதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் போடல?” என்றாள் மாரியம்மாள்.

“அது சும்மா இருக்கணும். அப்பதான் மத்ததுங்க வேல செய்யிதான்னு தெரியும்.”

முதலில் சுடச்சுட டீ, உடனே ஐஸ் தண்ணீர். மருந்து போட்ட மூன்று பக்கமும் அவரை எழுப்பி நிறுத்தின. ஒன்றும் போடாத பக்கம்தான் கொஞ்சம் தேவலாம்.

“அப்ப எல்லாத்தையும் சும்மா வுட்டுடுங்களேன்” என்றாள் மாரியம்மாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கம்பெனியில் கூட வேலை பார்க்கும் தங்கதுரையிடம் இதைச் சொன்னார்.

“சுடுதண்ணியும் ஐஸு தண்ணியும் மாத்தி மாத்தியா? அண்ணே, டெஸ்ட்டு வச்ச கோப்பைய நாம விக்கிறதே இல்லியே.”

ராஜாங்கத்துக்குப் பகீரென்றது. பல்லில் விரிசல் விட்டிருக்குமோ? தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே வழிதான் தெரியும். சிவப்பு மையை எடுத்துப் பல்லில் தடவித் துடைத்தார். விரிசல் தெரியவில்லை. மையும் போகவில்லை.

“வெத்தல போட்டேன்னு சொல்லிக்கிறேன்” என்றார் வீட்டில்.

“யாரையோ கடிச்சிட்டு வந்தாப்புல இருக்குது” என்றாள் மனைவி. கனகா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது அவரை நிஜமாகவே வருத்தியது.

கம்பெனியில் கோப்பைக்கு மெருகேற்றும் வெள்ளைத் தூள் இருந்தது. அதைக் கொண்டுவந்து பல்லைத் தேய் தேய் என்று தேய்த்தார். மை போயிற்று. பல்லுக்கு மிச்சமிருந்த தெம்பும் கூடவே போயிற்று. இப்போது காற்றுப் பட்டாலே கூசியது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வாயைத் துண்டால் மூடிக்கொண்டே வந்தார். கண்டக்டருக்கு மாரியம்மாள்தான் பதில் சொன்னாள்.

திட்டக்குடியில் இறங்கியதும் மருந்துக்கடைக்குப் போய்ப் புதுசாக ஒரு புட்டி கிராம்புத் தைலம் வாங்கினார். லேசாகத் தொட்டு வைத்ததால்தானே அன்றைக்குப் பெயில். முழுவதையும் பஞ்சில் ஊற்றி, இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டார். பல், ஈறு, உதடு எல்லாம் மரத்துப் போயின. நாக்கு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாசலில் பஞ்சைத் துப்பிவிட்டு உள்ளே நுழைந்தார்.

பெரியநாயகி பிரிட்ஜைத் திறந்து டம்ளரை நீட்டினாள். வீடே நின்று பார்த்தது. ராஜாங்கம் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. காலி டம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டு வாங்கி, அதையும் குடித்தார். மாரியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கனகா கல்யாணம் நிச்சயம்தான்.

பெரியநாயகிக்கும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“போன தடவ நீங்க மொகத்தச் சுளிச்சதப் பாத்து, பிரிட்ஜே புடிக்காத மனுசர்கிட்ட எப்புடிக் கேக்குறதுன்னுதான் அண்ணே வாய மூடிக்கிட்டு இருந்தோம், இது எங்க பெரிய மருமவ சீரா கொண்டாந்தது, கனகாவும் இதே மாதிரி ஒண்ணு கொண்டாந்துடட்டும்.”