பந்து என்று எழுதாத குற்றம்

"ஒரு கடுதாசி எழுதுகதுக்கு எதுக்கு மக்கா காலேஜு? எட்டாங் கிளாசுகாரி எழுதினா தபால்காரன் கொண்டு போவமாட்டேண்ணு சொல்லுவானா?"

கேட்டவர் என் அம்மாவின் அண்ணன், சுகுமாரன் மாமன். கேட்ட இடம் எங்கள் வீட்டு முற்றம். நான் பி.ஏ. கடைசி வருடத்தில் அப்போதுதான் நுழைந்திருந்தேன். அவருக்கு அன்று நான் கொடுத்த பதில் மிக நீளமானது. அதில் ஒரு வரிகூட இப்போது நினைவில்லை. நினைவிருந்தாலும் எழுத மாட்டேன். ஏனென்றால் அதே வருடம் நான் எழுதிய கடுதாசிகள், அவர் கேட்டது நியாயமான கேள்விதான் என்று ஊருக்கே காட்டிவிட்டன.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவள் நான். குடிகிடப்புச் சட்டத்தில் நாங்கள் இருந்த பத்து சென்ட் நிலம் எங்களுக்கே என்று பட்டயம் வந்த நாளில், அதை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டியதும் நான்தான். அப்போது நான்காம் வகுப்பு. (சர்வே நம்பரைக்கூட விடாமல் வாசித்தேன். அப்பா அதை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.) அன்று தலைக்கு ஏறியது பிறகு இறங்கவே இல்லை.

மாமன் கேட்ட கேள்விக்கு அப்பா தன் பாணியில் ஒரு தீர்ப்பு சொன்னார். அப்பா ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுபவர். பேச்சும் மரத்தில் கீறுவதுபோல மெல்லத்தான் வரும்.

"இந்த வருஷம் ஒம்மேல ஒரு பேச்சு வரப்பிடாது. வராம முடிச்சியானா எம்.ஏ.க்கு திருவனந்தபுரத்துல விடுதேன். வந்துதா, மாமன் சொல்லுத எடத்துல கெட்டி வைப்பேன். அவ்வளவுதான்."

மாமன் சொல்லுகிற இடம், கல்ப்பில், அதாவது அரபு நாட்டில், கிரேன் ஓட்டும் ஒருவர். அனுப்பியிருந்த படத்தில் கிரேன் தெளிவாகத் தெரிந்தது. மாப்பிள்ளைதான் தெரியவில்லை.

ஒரு வருடம் பேச்சு வராமல் இருப்பது அவ்வளவு கஷ்டமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வருடம்தான் எங்கள் கல்லூரியில் பெண்களுக்குப் பந்துகளி அணி தொடங்கினார்கள். (எங்கள் பக்கம் விளையாட்டுக்குக் 'களி' என்றுதான் சொல்வோம், ஒருத்தி கூத்தடித்தாலும் அதே 'களி'தான். இந்த ஒரு சொல்லை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

நானும் சேரப் போனேன். முதல் நாள், முதல் உதை. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. என் பெருவிரல் நகம்தான் போனது. பி.டி. சார் காலைப் பார்த்துவிட்டு, "மோளே, நீ களி காண்கதுக்கு நல்ல ஆளாக்கும்" என்றார். அதையும் ஒரு பதவியாகவே எடுத்துக்கொண்டேன்.

அணியில் ஒன்பதாம் நம்பர்க்காரி பெயர் ஓமனா. ஒல்லியாக இருப்பாள், பந்து காலில் பட்டுவிட்டால் பஸ்ஸைப் போலப் போவாள், கைகாட்டினால் நிற்க மாட்டாள். அவள் களியைப் பார்க்க முதலில் நானும் இரண்டு தோழிகளும் போனோம். பிறகு அடுத்த வீட்டு அக்கா வந்தார். அவர் பெயரும் ஓமனா. தன் பெயரை மைதானம் முழுக்கக் கூவிக் கேட்ட பிறகு அவரால் ஒரு சனிக்கிழமைகூட வீட்டில் இருக்க முடியவில்லை. அவர் வந்ததும் அவருடைய கூட்டமும் வந்தது. எல்லாருமே கல்ப்புக்காரர்களின் மனைவிமார். ஓமனா அக்கா, கணவர் ராஜப்பன் அண்ணன் விட்டுப்போன பச்சை லுங்கியைக் கம்பில் கட்டிக் கொடியாக்கினார். காஞ்சிரங்குளம் போனோம். பூவார்ப் பக்கம் மணலில் நடந்த களிக்கும் போனோம். அங்கே பந்தும் புதைந்தது, எங்கள் செருப்பும் புதைந்தது. எங்கே போனாலும் பச்சை லுங்கி முன்னால் போகும்.

இனி கடுதாசிக்கு வருகிறேன்.

இந்த அக்காமார் எல்லாருக்கும் கல்ப்புக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பது நான். நீல நிற ஏர் மெயில் தாள். எருமை ஈன்றது, கிணற்றில் வெள்ளம் வற்றியது, மாமியார் பேசியது, எல்லாம் சொல்லி முடித்த பிறகும் கடைசி மடிப்பில் நாலு விரல் இடம் மிஞ்சும். வெறும் இடம் கடல் கடந்து போவதை எங்கள் ஊரில் ஒருத்தியும் தாங்க மாட்டாள்.

"ஏதெங்கிலும் எழுதி நெறச்சிரு மக்கா" என்பார் ஓமனா அக்கா. என்ன எழுதினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. படித்த பிள்ளைமேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் அந்த நாலு விரல் இடத்தில் எங்கள் அணியின் கதையை எழுத ஆரம்பித்தேன். தொடர்கதையாகவே. ஒரே செய்தியை எல்லாக் கடுதாசியிலும் எழுதுவது படித்தவள் செய்கிற வேலையா? முதல் பகுதி செல்லம்மா அக்காவின் கணவருக்கு. அதில் தெளிவாக எழுதினேன்: எங்கள் கல்லூரியில் பெண்களுக்குப் பந்துகளி அணி உண்டு, அதில் ஓமனா என்று ஒரு மாணவி உண்டு. இரண்டாம் பகுதி ராஜப்பன் அண்ணனுக்கு. மூன்றாவது வேறொரு வீட்டுக்கு. இப்படி மாற்றி மாற்றி. கல்ப்பில் எல்லாரும் ஒரே இடத்தில்தானே இருக்கிறார்கள், ராத்திரி கஞ்சி குடிக்கும்போது சேர்த்து வைத்து வாசித்துக்கொள்வார்கள். எங்கள் ஊருக்குக் கல்ப் என்றால் பூவாறு மாதிரி ஒரு ஊர்.

ராஜப்பன் அண்ணன் அதற்கு முன்பே வேறு கம்பெனிக்கு, வேறு ஊருக்கு, ஏன், வேறு நாட்டுக்கே மாறியிருந்தார். புது முகவரியை உறைமேல் எழுதியதும் என் கைதான். தபால் பெட்டி எண் மாறியிருக்கிறது என்று நினைத்தேன். ஆளே இடம் மாறியிருப்பார் என்று தோன்றவில்லை. இதற்குத்தான் மூன்று வருடக் கல்லூரி.

ஆக, அந்த மனுஷனுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று துண்டுகள். மனைவியின் கடுதாசிக்குக் கீழே, மனைவிக்குத் தெரியாமல், எழுதிக்கொடுக்கும் பிள்ளை தன் பெயர் போட்டுத் தனியாக எழுதிய துண்டுகள். அவர் நிலையில் இருந்து வாசித்துப் பாருங்கள்.

ஒன்று: 'ஓமனாவின் களிதான் இப்போது ஊரெல்லாம் பேச்சு. காஞ்சிரங்குளத்தில் நாலு பேர் சேர்ந்து பிடித்தும் அவளை நிறுத்த முடியவில்லை. ஆட்கள் மதில்மேல் ஏறி நின்று பார்த்தார்கள்.'

இரண்டு: 'ஓமனா முடியை வெட்டிவிட்டாள். அரைக்கால் சட்டையில் ஆளே மாறிவிட்டாள். சார் அவளைத் தனியாக நிறுத்தி, காலையும் மாலையும் பழக்குகிறார்.'

மூன்று: 'கொல்லத்துக்காரர்கள் அவளைத் தங்களோடு வந்துவிடச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவள் யோசிக்கிறாள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நெய்யாற்றின்கரையில் கடைசிக் களி. அதோடு எல்லாம் தெரிந்துவிடும்.'

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. இலக்கணப் பிழை ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். பந்து என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. முதல் பகுதியிலேயே சொல்லியாயிற்று, திரும்பச் சொல்வது கூறியது கூறல் என்னும் குற்றம் என்று வகுப்பில் படித்திருந்தேன்.

முதல் சனிக்கிழமை வந்தது. கொல்லத்துக் கல்லூரியோடு கடைசிப் போட்டி. ஜெயித்தால் கோப்பை. ஊரில் நடக்க முடிந்த பெண்கள் எல்லாரும் மைதானத்தில், அயனி மரத்தடியில், பச்சை லுங்கியின் கீழே.

அதே நேரம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு டாக்சி எங்கள் தெருவில் வந்து நின்றது. இறங்கியவர் ராஜப்பன் அண்ணன். அவர் வீட்டில் பூட்டு. தெருவில் இருந்த ஒரே ஆள் சுகுமாரன் மாமன். அதன்பின் நடந்த பேச்சை மாமனே பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டி.

"ஓமனா எங்க மாமா?"

"ஓமனாவுக்க களி காண ஊரே போச்சு. கடைசிக் களியாக்கும் இண்ணைக்கு. நான் போவல்ல. நமக்கு வெக்கம் உண்டு."

"அப்பம் உள்ளதுதானா?"

"உள்ளதா எண்ணா? அரைக்கால் சட்டையில எலே, ஆம்பிளையளுக்கு முன்னால."

பிறகு அந்த டாக்சியை ஓட்டியது டிரைவர் இல்லை, கோபம். வெட்கம் உள்ள மாமனும் ஏறிக்கொண்டார். (டாக்சி ஓசிக்குக் கிடைக்கும்போது வெட்கம் என்ன செய்யும்.)

மைதானத்தில் இரு பக்கமும் இன்னும் கோல் விழவில்லை. முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒன்பதாம் நம்பர் ஓமனா நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். ஒருத்தியைத் தாண்டினாள், இரண்டு பேரைத் தாண்டினாள். முன்னால் கோல்காரி மட்டும். "விடாத ஓமனா, விடாத" என்று மைதானமே கத்தியது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் ராஜப்பன் அண்ணன் வந்து சேர்ந்தார். கறுப்புக் கண்ணாடி, யானைக்கால் பேண்ட், கையில் புது டேப் ரெக்கார்டர். டாக்சியில் விட்டுவர மனம் வரவில்லையாம். எதிர்க்கரையில் தன் மனைவி, தன் லுங்கியை வீசிக்கொண்டு குதிப்பதைக் கண்டார். அங்கே போக நேர்வழி மைதானத்தின் குறுக்கே. மனிதர் நேர்வழியே போனார்.

ஓமனா உதைத்தாள். பந்து டேப் ரெக்கார்டரில் பட்டு வெளியே போனது. ரெக்கார்டர் தரையில் விழுந்து, தானாகவே ஒரு பாட்டைப் பாடத் தொடங்கியது.

நடுவர் விசிலடித்து ஓடி வருவதற்குள் ஓமனா அண்ணன் முன்னால் போய் நின்றாள். இடுப்பில் இரண்டு கையும்.

"நீரு ஆரு ஓய்?"

அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "நான் ஓமனாவுக்க கெட்டியோனாக்கும்."

"எனக்க கெட்டியோனா? எப்பம் கெட்டினீரு? எனக்கு ஓர்மை இல்லியே."

மைதானம் சிரித்த சிரிப்பு தேசிய சாலை வரை கேட்டிருக்கும். பாட்டையும் அவரையும் ஒருவழியாக வெளியே கொண்டுபோனார்கள். நடுவர் இரண்டு அணிக்கும் பொதுவாகப் பந்தை நடுவில் போட்டார். எங்கள் பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொல்லத்துக்காரிகள் சிரிக்கவில்லை. பந்தை எடுத்தார்கள், போனார்கள், கோல் போட்டார்கள். விசில். கோப்பை கொல்லத்துக்குப் போனது.

சாயங்காலம் எங்கள் முற்றத்தில் ஊர் கூடியது. ராஜப்பன் அண்ணன் சட்டைப் பையிலிருந்து மூன்று நீலத்தாள்களை எடுத்து அப்பா கையில் கொடுத்தார்.

"இது ஒமக்க மவளுக்க எழுத்து. நான் ரெண்டு மாசமா ஒறங்கல்ல. லீவு இல்லாம வந்து நிக்குதேன்."

அப்பா தாள்களை என்னிடம் நீட்டினார். "வாயி."

பட்டயம் வாசித்த அதே முற்றம். அதே குரலில் வாசிக்கத்தான் முயன்றேன். 'தனியாக நிறுத்தி' என்ற இடத்தில் என் அம்மா தலையில் கை வைத்தார். 'அவள் யோசிக்கிறாள்' வந்தபோது ஓமனா அக்கா எழுந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கணவரிடம் போனார்.

"ஆறு வருஷம் நான் சொல்லி எழுதின கடுதாசி எல்லாம் கள்ளம். பிள்ளை எழுதின நாலு வரி சத்தியம். அப்பிடித்தானே? எருமை ஈனினதுக்கு வராத மனுசன் இதுக்கு வந்தாச்சு."

"ஓமனே, ஒன்ன எனக்கு தெரியாதா, ஆனா எழுதியிருந்ததே..."

"எழுதியிருந்தா? நானும் எழுதப் படிக்கப் போறேன். இனி எனக்க கடுதாசிய நானே எழுதுவேன். நீரு ஒறங்கலாம்."

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். இந்த இடத்துக்காகத்தான் மாமன் காத்திருந்தார். தன் மச்சானிடம், அதாவது அப்பாவிடம், திரும்பினார்.

"நான் அண்ணைக்கே சொன்னேம்லா அளியா? இவளுக்க படிப்பு ஊர்ச்சிரிப்பா ஆச்சு. பேச்சு வந்தாச்சா இல்லியா? கிரேன்காரனுக்கு நாளைக்கே எழுதுவோம்."

"ஆரு எழுதுவா?" என்றார் அப்பா.

மாமன் சுற்றிலும் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானோ தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தேன். என் எம்.ஏ. அந்த முற்றத்தில் பந்துபோல உருண்டுகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அப்பா என் கையிலிருந்த தாள்களை வாங்கிப் பார்த்தார், வாசிக்கத் தெரிந்தவர்போல. பிறகு சொன்னார்:

"நீ சொன்னது சரிதான் அளியா. ஒரு கடுதாசி தெளிவா எழுத இவளுக்கு தெரியல்ல. மூணு வருஷப் படிப்பு போதல்ல. இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டு."

அப்படித்தான் நான் எம்.ஏ. சேர்ந்தேன். என் அறிவைப் பார்த்து அனுப்பினார்கள் என்று விடுதியில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மை இதுதான்.

இன்றும் எங்கள் வீட்டில் நான் எதை எழுதினாலும், ரேஷன் கடைக்கு மனு எழுதினாலும், யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை: "பந்துண்ணு எழுதினியா மக்கா?" கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதக் கேட்டு வருகிறவர்களும் கேட்கிறார்கள். ராஜப்பன் அண்ணனுக்கு இப்போது ஓமனா அக்காவே எழுதுகிறார். எழுத்து கோணலாகத்தான் போகிறது, பொருள் கோணவில்லை. கடைசி மடிப்பில் அணியின் செய்தி உண்டு. என்னை நிரப்ப விடுவதில்லை.

இந்த வருடக் களி போன வாரம் தொடங்கியது. முதல் போட்டியைப் பார்த்துவிட்டு வந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். விளையாட்டுச் செய்திக்கு ஊர்ப்பக்கத்து ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்த பத்திரிகைக்கு அதை இன்று காலை என் கையாலேயே தபால் பெட்டியில் போட்டேன்.

முதல் வாக்கியத்தில் மட்டும் பந்து மூன்று தடவை வருகிறது.