பால்மா பக்கட்டின் மூலையை வெட்டும்படி மருமகனுக்கு

அன்பு மருமகன் ரிஸ்கானுக்கு, காத்தான்குடியிலிருந்து மாமா பாறூக் சொல்லச் சொல்ல ஃபோன் எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வீடும் கிணறும் சுகம். உன் உம்மா மட்டும் என்மேல் கோபமாக இருக்கிறா. கொழும்பில் உங்கள் கம்பனி அச்சடிக்கிற பக்கட்டுகளும் சுகமென நம்புகிறேன். இந்தக் கடிதம் அவற்றைப் பற்றித்தான்.

உன் மாமி ஸஹீதா மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கத்தார் போனபோது, பார்வையில்லாத மனிசன் தனியாக எப்படி இருப்பார் என்று ஊரே கேட்டது. இருந்து காட்டுகிறேன் என்று மார்தட்டினேன், இருந்தும் காட்டினேன். தேத்தண்ணிக்குப் போடுகிற பால்மாவும் உடுப்புக் கழுவுகிற சவர்க்காரத் தூளும் கைக்கு ஒரே பக்கட், ஒரே பாரம், ஒரே சரசரப்பு. அதனால் சவர்க்காரத் தூளுக்கு மட்டும் ஒரு றப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை வீடு துப்புரவாக்க வந்த உன் உம்மா நபீஸா, பார்க்க வடிவில்லை என்று அதைக் கழற்றித் தன்னுடைய கூனி இறால் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போயிட்டா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல்ல. அடுத்த நாள் பக்கத்து வீட்டு சபீனா ஒரு கிண்ணம் இனிப்பான வட்டிலப்பம் தந்தா. வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நமக்கு மனம் வருமா? சீனி முடிஞ்சு போச்சு, பால்மாவாவது போடுவம் என்று நிறையக் கொட்டி, மூடி, மதிலுக்கு மேலால் நீட்டினேன். மற்ற நாளென்றால் மணமே காட்டிக் கொடுத்திருக்கும். அன்றைக்குத் தடிமன், மூக்கு அடைச்சுக் கிடந்தது. சபீனா திறந்து பார்த்தா சவர்க்காரத் தூள்! "நான் கிண்ணத்த வடிவாக் கழுவல்ல எண்டுதானே பாறூக் காக்கா சொல்லாமச் சொல்றாரு?" என்று உன் உம்மாவிடம் போய் அழுதிருக்கா. அன்றிலிருந்து மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

உன் உம்மாவுக்கு இது போதும். "இன்னொரு பிழை உட்டா, ஊட்டப் பூட்டிட்டு எங்கட ஊட்ட வந்திரணும் தம்பி" என்று தீர்ப்புச் சொல்லிட்டா. உங்கள் வீட்டில் சோறும் நல்லது, அன்பும் நல்லது. ஆனா அங்க ஒரு தேத்தண்ணிக்கும் ஆளைக் கூப்பிட வேணும் மகன். இங்க நினைச்ச நேரம் நானே ஊத்திக் குடிக்கிறன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே உன் முதலாளியிடம் சொல்: சாப்பாட்டுச் சாமான் பக்கட்டுக்கு மேல் மூலையில் ஒரு வெட்டு, கழுவுகிற சாமானுக்கு வெட்டில்லை. தடவி வாசிக்கிற புள்ளி எழுத்தும் போடட்டும், அதைப் படித்தவர்களுக்கு உதவும். நான் ஐம்பது வயதுக்குப் பிறகு பார்வை போனவன், அது தெரியாது. பால்மாவில் வடிவான பசு போட்டிருக்கிறீர்களாம். தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு கொம்பு கூடத் தட்டுப்படல்ல.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உன் முதலாளிக்கு நல்ல காதையும் தரட்டும். உன் பிள்ளை இனாயாவுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
இனிமேல் பிழை விடாத மாமா,
பாறூக்

பி.கு.: இதை அனுப்பப் போக உன் உம்மா வந்து என் உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கிட்டா. சமாதானம் பேச சபீனாவையும் கூட்டி வந்திருந்தா. எல்லாருக்கும் தானே தேத்தண்ணி போட்டா. கலக்கக் கலக்க நுரை கோப்பையைத் தாண்டி மேசைக்கு வந்திட்டாம். நான் புதிதாகப் போட்டிருந்த றப்பர் பேண்டைக் கழற்றிவிட்டுத்தான் பால்மாவென்று அந்தப் பக்கட்டை எடுத்திருக்கா, அதுவும் மூக்குக் கண்ணாடியோட! நல்லகாலம், யாரும் குடிக்கல்ல. சபீனா சிரித்த சிரிப்பில் அவவுடைய கோபமெல்லாம் போயிட்டு, என் உடுப்பும் அலுமாரிக்குத் திரும்பிட்டு. ஆகவே மேலே எழுதியதை மாற்றி வாசி. வெட்டு எனக்கில்லை, எனக்கு றப்பர் பேண்ட் போதும். கண் தெரிகிற உன் உம்மாவுக்காகக் கேட்கிறேன் என்று முதலாளியிடம் சொல். அது வரும்வரை அவ இங்கே என்னோடு இருக்கட்டும். தனியாக விட எனக்குப் பயமாக இருக்கு.